ஹைப்பர்பேரிக் – 'உயரழுத்தம்' வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

நம் மாணவர் நூலில், பகல்நேர அறுவைக்கான (அன்றே வீடு திரும்பும் அறுவை) முதுகுத்தண்டு மயக்க மருந்துகள் பகுதியில், ஹைப்பர்பேரிக் புபிவகெயின் என்ற மரப்பு மருந்துக்கு 'உயரழுத்த புபிவகெயின்' என்று இருக்கிறது. மாற்றியாக வேண்டும். ஆக்சிஜன் சிகிச்சையில் ஹைப்பர்பேரிக் என்றால் அழுத்தம், இங்கே அடர்த்தி. மருந்து போய்க் கலக்கும் மூளைத் தண்டுவட நீரின் அடர்த்தி 37 பாகை செல்சியஸில் மி.லி.க்கு ஏறத்தாழ 1.0003 கிராம். மி.லி.க்கு 80 மி.கி. டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை கலந்த புபிவகெயின் அதைவிடக் கனம்; பள்ளம் பார்த்து இறங்கும். மூலம், பௌத்திரம் என்றால் ஊசி போட்டபின் 5 நிமிடம் உட்காரவைப்பது இதற்காகத்தான். உடனே படுக்கவைத்தால் மருந்து மேலேறி ரத்த அழுத்தம் விழலாம். அழுத்தத்தைக் குறைக்கக்கூடிய மருந்துக்கு 'உயரழுத்த' என்று பெயரா?

என் பரிந்துரை: தண்டுவட நீரைவிடக் கனமானது மிகையடர், சமமானது ஒத்தடர், இலேசானது குறையடர்.

---

ஐயா, 'உயரழுத்த' போகட்டும், சரி. ஆனால் 'அடர்' ஆபத்து. மாணவர்கள் அதைச் செறிவு என்று படிப்பார்கள். 0.5% ஹெவி (டெக்ஸ்ட்ரோஸ் கலந்த புபிவகெயின்), 0.5% பிளெயின் (கலக்காதது) இரண்டிலும் மருந்தின் செறிவு ஒன்றே, 1.5 மி.லி. எடுத்தால் எதிலும் 7.5 மி.கி.தான். பிளெயின் உடல் சூட்டில் தண்டுவட நீரைவிடச் சற்றே இலேசு, உட்காரவைத்தால் மேல்நோக்கிப் போகும். வேறுபாடு அவ்வளவே. 'ஒத்தடர்' என்பதை அவசரத்தில் ஒத்தடம் என்றும் வாசிப்பார்கள்!

தியேட்டரில் எல்லாரும் 'ஹெவி' என்றுதான் கேட்கிறோம். அதையொட்டி மிகுகனம், சமகனம், குறைகனம் என்று வைக்கலாமே.

அந்தப் பகுதியில் இன்னொன்று: 5% ஹெவி லிக்னோகெயினைக் 'குறுகிய நேரத்துக்கு ஏற்றது' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். மரப்பு தெளிந்தபின் பிட்டத்திலும் காலிலும் வரும் வலியைச் சொல்லவில்லை. கால்களைத் தூக்கிக் கட்டிச் செய்யும் அறுவைகளில் அது அதிகம். சில நாளில் தானே போய்விடும் என்றாலும் ஓரிரவு தூக்கம் கெடும். 40 நிமிடத்துக்குள் முடிவதற்கு, கெடாமல் காக்கும் பொருள் சேர்க்காத 1% குளோரோபுரோகெயின் 50 மி.கி. கொடுப்பதே நல்லது. ரத்த பிளாஸ்மாவிலுள்ள நொதி சிதைக்கும் எஸ்டர் வகை மருந்து அது, சீக்கிரம் தெளியும். கொஞ்சம் நீளும் என்றால் 2% ஹெவி பிரிலோகெயின் 40–60 மி.கி. புபிவகெயினில் அளவைக் குறைத்தாலும் சிலருக்குச் சிறுநீர் பிரியத் தாமதமாகி, வீட்டுக்கு அனுப்புவது தள்ளிப்போகும்.

---

மிகுகனம் எனக்கும் சம்மதம். பேரிசிட்டிக்கு (மருந்தின் அடர்த்தியைத் தண்டுவட நீரின் அடர்த்தியோடு ஒப்பிடும் அளவு) மட்டும் 'கன விகிதம்' போடவேண்டாம், கன மீட்டர் நினைவுக்கு வரும். 'அடர்த்தி விகிதம்' இருக்கட்டும். விகிதம் என்ற சொல் பக்கத்தில் வருவதால் செறிவோடு குழம்பாது.