மறு: லீனியர் ஆக்சுவேட்டருக்கு ‘நேர்நகர்த்தி’ சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். லீனியர் ஆக்சுவேட்டருக்கு, அதாவது ஒரு குழாயை நேராக வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் மின்கருவிக்கு, ‘நேர்நகர்த்தி’ என்ற தமிழ்ச்சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த மாற்றுச் சொற்களுக்கு என் பதில் இது.

> ‘நேர்கோட்டு இயக்கி’ என்றே வைத்துக்கொள்ளலாம். புரிகிறது, போதும்.

புரிகிறது, உண்மைதான். ஆனால் செய்முறைக் குறிப்பில் எழுதிப் பார்த்தால் இடிக்கிறது. பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடி நாற்றுக்கூண்டின் கூரைக் கதவு, வெயில் ஏறியதும் தானாகத் திறக்க ஒரு லீனியர் ஆக்சுவேட்டர் வைக்கிறோம். குடியிருப்புப் பிள்ளைகளுக்காக அதன் குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். கணினி டிரைவருக்கு ‘இயக்கி’ நிலைத்துவிட்டது. மோட்டாருக்கு மின்னோட்டத்தைத் திறந்துவிடும் பலகையான மோட்டார் டிரைவருக்கும் அதையே எழுதுகிறோம். ‘இயக்கியை இயக்கியுடன் இணைக்கவும்’ என்று சொன்னால் பிள்ளைகள் எந்தக் கம்பியை எதில் செருகுவார்கள்?

> ‘உந்துதண்டு’?

காதுக்கு இனிமையான சொல். ஆனால் உந்துவது பாதி வேலை, இழுப்பது மறுபாதி. உள்ளே ஒரு மோட்டார், பற்சக்கரங்கள், மரையிட்ட தண்டு, அதில் கோத்த நட்டு. தண்டு சுழலும்போது நட்டு கூடவே சுழல வழியில்லாததால் முன்னே நகர்கிறது. அதோடு சேர்ந்த குழாயும் வெளியே வருகிறது. மோட்டாரின் இரண்டு மின்முனைகளையும் மாற்றிக் கொடுத்தால் உள்ளே போகிறது. சுழற்சி நேர் நகர்வாவதுதான் இதன் சாரம். அதனால்தான் ‘நேர்நகர்த்தி’ என்கிறேன். ‘நகர்த்தி’ ஆக்சுவேட்டருக்கே பொதுச்சொல்லாகும். ரோட்டரி வகைக்குச் ‘சுழல்நகர்த்தி’. சுழல்வது நகர்வாகுமா என்று யாராவது கேட்கலாம். வால்வைத் திருப்புவதும் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நகர்த்துவதுதானே!

சொல் தாங்குகிறதா என்று பார்க்க, குறிப்பிலிருந்து ஒரு பகுதி:

“கதவின் எடை 6 கிலோ, அதாவது ஏறக்குறைய 60 நியூட்டன். கதவின் நடுப்பகுதி கீலிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. நேர்நகர்த்தியைக் கீலிலிருந்து 15 செ.மீ. தொலைவில் பூட்டினால் இருமடங்கு விசை வேண்டும்: 120 நியூட்டன். அதுவும் குழாய் கதவுக்குச் செங்குத்தாக நின்றால்தான். கதவோடு 30 பாகைக் கோணத்தில் தள்ளினால் 240. ஆகவே 500 நியூட்டன் நேர்நகர்த்தி எடுக்கிறோம். அதே மோட்டாரில் பற்சக்கர விகிதத்தை மாற்றி விசையைக் கூட்டினால் வேகம் குறையும். கூரைக் கதவுக்கு அவசரம் இல்லை. நாம் எடுக்கும் வகையில் மரையின் சரிவு குறைவு. குழாயைத் தள்ளி மோட்டாரைச் சுழற்ற முடியாது என்பதால் கரண்ட் போனாலும் திறந்த கதவு இறங்காது.

“கட்டுப்படுத்தி அர்டுயினோ என்ற சிறு நிரல்பலகை. அது கட்டளை மட்டுமே கொடுக்கும். மோட்டாருக்கான மின்னோட்டம் இயக்கி வழியாகப் போகும். எல்298என் இயக்கி ஒரு தடத்துக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும், தானும் 2 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். நம் நேர்நகர்த்தி சுமையோடு கிளம்பும்போது அதைவிட அதிக மின்னோட்டம் இழுக்கும். எனவே பிடிஎஸ்7960 இயக்கி.”

இயக்கி, கட்டுப்படுத்தி, நேர்நகர்த்தி மூன்றும் அருகருகே வந்தும் ஒன்றோடொன்று மோதவில்லை. எனக்கு இதுதான் பெரிய சான்று.

நகர்வின் எல்லையில் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்சின் பெயரை நான் தமிழாக்கவில்லை. மின்னணுப் பொருள்கள் விற்கும் எஸ்.பி. ரோடு கடையில் பிள்ளைகளே கேட்டு வாங்க வேண்டும். அதே காரணத்துக்காக, நேர்நகர்த்தி முதலில் வரும் இடத்தில் ‘கடையில் லீனியர் ஆக்சுவேட்டர் என்று கேட்கவும்’ என ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

அப்புறம், ஸ்ட்ரோக், அதாவது குழாய் நகரும் மொத்தத் தூரம். ‘ஓட்டம்’ வேண்டாம்; பக்கத்து வரியிலேயே மின்னோட்டம் நிற்கிறது. ‘நீட்டம்’ எப்படி? ‘150 மி.மீ. நீட்டம்’ என்றால் குழாய் எவ்வளவு வெளியே வரும் என்பது தெளிவு. குழாய் உள்ளே போன நிலையிலும் மொத்தச் சாதனம் நீட்டத்தைவிட நீளமாகவே இருக்கும். அதனால் ‘நீளம்’ என்ற சொல்லை அதற்கென்று தனியே விட்டுவைக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் வாங்கிய பொருள் கூண்டுக்குள் அடங்காது.

கடைசல் பட்டறை, பம்பு வேலை தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். ஸ்ட்ரோக்கிற்குப் பட்டறையில் ஏற்கெனவே ஒரு தமிழ்ச்சொல் புழங்கினால் எழுதுங்கள். ‘நீட்டம்’ என்பதை எடுத்துவிட்டு அதையே போடுகிறேன்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து