வண்டிக் கூரையில் ஆண்டெனா: உங்களை இன்னும் உறுத்தும் ஓர் அனுபவம்

மலைச்சாரல்:
கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது, ஹாம் ரேடியோவில் (அமெச்சூர் வானொலியில்) 145.500 மெகாஹெர்ட்ஸில் மதுரை நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். கூரையில் மேக்னெட் மவுண்டின் (காந்தத்தால் ஒட்டும் தாங்கியின்) மேல், அலைநீளத்தில் எட்டில் ஐந்து பங்கு நீளமுள்ள விப் (வளையும் கம்பி ஆண்டெனா) நின்றது. ஒரு வளைவில் தாழ்ந்திருந்த கிளை அதைத் தட்டிவிட்டது. அது சாலையில் விழாமல், கேபிளில் தொங்கியபடி இடப்பக்கக் கதவை அடித்துக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தைச் சக்கரத்தில் சிக்கிய கல் என்று நான் நினைத்தேன். நண்பரோ, "சிக்னல் சற்றுக் குறைந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னார். காந்தத்தின் விளிம்பு கதவில் பதித்த பிறை வடிவத் தழும்புகளைப் பிறகு எண்ணிப் பார்த்தேன், பதினேழு இருந்தன.

பழைய கம்பி:
கிளையின் மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. 49 சென்டிமீட்டர் கால் அலைநீள விப் போதுமாக இருந்த மலைப்பாதையில், 1.3 மீட்டர் விப்பை ஏன் நிறுத்தினீர்கள்? மேக்னெட் மவுண்டை ஒரு மழைக்காலம் முழுவதும் எடுக்காமல் விட்டவன் நான். எடுத்தபோது அடியில் சிக்கியிருந்த மணல் பூச்சைத் தேய்த்து, வட்டமாகத் துரு பிடித்திருந்தது. அன்றே டிக்கி விளிம்பில் கிளிப் மவுண்டுக்கு (விளிம்பைத் திருகுகளால் கவ்வும் தாங்கிக்கு) மாறினேன். நீங்களும் மாறுங்கள்.

நாற்பது மீட்டர்:
கிளிப் மவுண்டைப் பரிந்துரைப்பவர், அதன் திருகுகள் பூச்சைத் துளைத்து உலோகத்தைத் தொட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது, தொடாவிட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) ஏறிவிடும். காந்தத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் அது பூச்சின் ஊடாகவே கூரையோடு மின்தேக்கியைப் போல இணைகிறது. ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் அந்த இணைப்பு போதாது. அங்கே கால் அலைநீளமே சுமார் 10 மீட்டர் என்பதால், 2 மீட்டர் விப்பில் காயில் (கம்பிச்சுருள்) சேர்த்துத்தான் ஒத்திசைக்க முடியும். வாட்டில் பெரும்பகுதி காயிலிலும் தரை இழப்பிலும் (ஆண்டெனாவின் மறுபாதியாக வேலை செய்யும் வண்டியின் உடலிலும் நிலத்திலும் ஆகும் இழப்பு) சூடாகவே போய்விடும். ஆகவே கதவு, பானட், டிக்கி, சைலன்சர் குழாய் ஆகியவற்றை அகலமான செப்புப் பின்னல் பட்டையால் பாடியோடு இணையுங்கள். நான் இணைக்காமல் 100 வாட்டில் பேசியபோது, ரயில்வே கேட்டில் நின்றிருந்த என் வண்டியின் வைப்பர், பி.டி.டி.யை (பேசுவதற்கான பொத்தானை) அழுத்தும்போதெல்லாம் ரேடியோ அலையின் தாக்கத்தால் தானே கிளம்பி, காய்ந்த கண்ணாடியில் ஒரு முறை ஓடி நின்றது. பக்கத்து லாரிக்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

மலைச்சாரல்:
நான் ஆலோசனை எதுவும் கேட்கவில்லையே. இருந்தாலும் பழைய கம்பி அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: என் வண்டியின் டிக்கிக் கதவு முழுவதும் பிளாஸ்டிக். கிளிப்பை எதில் மாட்டச் சொல்கிறீர்கள்?