ரோலண்ட் பேங்க்ஸ் கட்டுக்கு 6 அனுபவப் புள்ளிகள்: ஷாட்கன் வாங்கலாமா?

இளவேனில்:

வணக்கம். ஆர்க்கம் ஹாரர் சீட்டாட்டத்தின் 2016-ஆம் ஆண்டு அடிப்படைப் பெட்டிகள் இரண்டை வைத்துக்கொண்டு நானும் என் தங்கையும் ‘நைட் ஆஃப் த ஸீலட்’ தொடரை ஆடி வருகிறோம். என் பாத்திரம் ரோலண்ட் பேங்க்ஸ், அவளுடையது டெய்சி வாக்கர். முதல் அத்தியாயமான ‘த கேதரிங்’ முடிந்துவிட்டது. சீட்டுக் கட்டை மேம்படுத்த ஆளுக்கு 6 அனுபவப் புள்ளிகள் கையில் இருக்கின்றன.

அதில் வரும் பெரிய எதிரியான கூல் ப்ரீஸ்ட்டை வீழ்த்துவதற்குள் படாத பாடு பட்டோம். இருவர் ஆடும்போது அதன் உயிர் 10 என்பதால், .45 ஆட்டோமேட்டிக்கின் நான்கு தோட்டாக்களும் தீர்ந்த பிறகும் அது நின்றுகொண்டிருந்தது. ரோலண்டின் மனவலிமை 5 மட்டுமே என்பதால், இன்னொரு அடி விழுந்திருந்தால் நான் ஆட்டத்திலிருந்தே வெளியேறியிருப்பேன். ஆகவே, 4 புள்ளிகளுக்கு ஒரு ஷாட்கனும், மீதி 2 புள்ளிகளுக்குத் தோட்டா சேர்க்கும் எக்ஸ்ட்ரா அம்யூனிஷன் இரண்டும் வாங்கலாம் என்று நினைக்கிறேன். தங்கைக்கு 4 புள்ளிகள் விலையுள்ள க்ரிப்டிக் ரிசர்ச் சீட்டின் மீது கண். ஆயுதங்களாக இப்போது என் கட்டில் மச்செட்டி இரண்டு, .45 ஆட்டோமேட்டிக் இரண்டு, ரோலண்டுக்கே உரிய .38 ஸ்பெஷல் ஒன்று ஆகியவை உள்ளன. துணையாள் சீட்டான பீட் காப் இரண்டும் உண்டு. அடுத்த அத்தியாயத்தின் கதையைச் சொல்லிவிடாமல் ஆலோசனை கூற வேண்டுகிறேன்.

செங்கதிர்:

என் கருத்து, இந்தக் கட்டத்தில் ஷாட்கன் வேண்டாம் என்பதே. அந்தச் சீட்டு மோசமானது என்பதால் சொல்லவில்லை. ஒரே ஒரு பிரதிக்காக நீங்கள் கொடுக்கும் விலைதான் அதிகம்.

கட்டில் கட்டாயமாக வைக்க வேண்டிய, தீமை தரும் பலவீனச் சீட்டுகள் இரண்டையும் ஒதுக்கிவிட்டால், .38 ஸ்பெஷலையும் சேர்த்து உங்கள் கட்டில் இருப்பவை 31 சீட்டுகள். தொடக்கக் கையில் வரும் ஐந்தையும் பிடிக்காமல் மாற்றினாலும் மொத்தம் பத்துச் சீட்டுகளைத்தான் பார்ப்பீர்கள். ஒற்றைப் பிரதி அந்தப் பத்துக்குள் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 32 சதவீதம். இரண்டு பிரதிகள் இருந்தால் 55 சதவீதம். ஐந்து ஆயுதங்களில் ஏதேனும் ஒன்று வந்தால் போதும் என்றால் அது 88 சதவீதமாக உயர்கிறது. அதாவது, தொடக்கத்தில் ஓர் ஆயுதம் கிடைக்கும் என்ற நம்பிக்கையை உங்கள் இப்போதைய கட்டே தந்துவிடுகிறது.

அடுத்தது செலவு. ஷாட்கனைக் களத்தில் இறக்க 5 வளங்கள் (சீட்டுகளுக்குக் கொடுக்கும் ஆட்டப் பணம்) வேண்டும். ஆட்டத்தின் தொடக்கத்தில் உங்களிடம் இருப்பதே அவ்வளவுதான். இரண்டு கைகளையும் அது பிடித்துக்கொள்கிறது. உள்ளே இருப்பதோ இரண்டே தோட்டாக்கள். ரோலண்டின் போர்த்திறன் 4, ஷாட்கன் தருவது 3, ஆக 7. ஷாட்கனில் எதிரியின் போர்மதிப்பை எவ்வளவு தாண்டுகிறீர்களோ அதுவே சேதம். போர்மதிப்பு 4 உள்ள எதிரியின் மீது சுட்டு, ஒவ்வொரு சோதனையிலும் குருட்டாக்கில் எடுக்கும் டோக்கன் பையிலிருந்து −1 வந்தால் வித்தியாசம் 2, சேதமும் 2. உங்களோடு மோதும் எதிரி ஒன்று மட்டுமே என்றால், 3 வளங்களுக்குக் கிடைக்கும் மச்செட்டியும் இதே 2 சேதத்தைத்தான் தருகிறது. தோட்டா தீர்ந்துபோகும் கவலையும் அதில் இல்லை.

உங்கள் கேள்வியிலேயே உண்மையான குறை தெரிகிறது. கூல் ப்ரீஸ்ட் பெரிய எதிரி என்பதைவிட, ரோலண்டின் மனவலிமைக்குக் காவல் இல்லை என்பதே சிக்கல். ஆகவே முதலில் பீட் காப்பை இரண்டாம் நிலைக்கு உயர்த்துங்கள். விலை 4 வளங்களிலிருந்து 3-ஆகக் குறைகிறது. உயிர் 2-லிருந்து 3-ஆகக் கூடுகிறது. முக்கியமாக, எதிரிக்கு ஒரு சேதம் கொடுக்க அவரைக் கழித்துக்கட்ட வேண்டியதில்லை. அவர் மீது ஒரு சேதத்தை ஏற்றினால் போதும். உங்கள் மனவலிமையைக் குறைக்கும் திகிலில் இரண்டு வரை அவர் தாங்கிக்கொள்வார்.

யாழினி:

செங்கதிர் அவர்களின் கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஷாட்கனை வெறும் 7 என்று மதிப்பிடுவது முழுப் படம் ஆகாது. மற்ற ஆயுதங்களில் நீங்கள் கூடுதலாகப் போடும் திறன் சீட்டுகள் வெற்றியை உறுதிசெய்வதோடு நின்றுவிடுகின்றன. ஷாட்கனிலோ வித்தியாசமே சேதமாக மாறுவதால், ஓவர்பவர் என்ற திறன் சீட்டு ஒன்றைச் சேர்த்தால் சேதம் இரண்டு கூடும், உச்சவரம்பு 5. பெரிய எதிரி ஒன்றை இரண்டே அடியில் முடிப்பது இந்தப் பெட்டியில் ஷாட்கனால்தான் எளிதாகிறது.

இருந்தாலும் இருவர் ஆட்டத்தில் ஓர் எச்சரிக்கை. தங்கையோடு மோதிக்கொண்டிருக்கும் எதிரியை நீங்கள் சுட்டுத் தவறினால், எத்தனை புள்ளிகளில் தவறினீர்களோ அத்தனை சேதம் டெய்சி மீது பாயும். டெய்சியின் உயிர் 5. பையில் −4 டோக்கனும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சேமித்துவைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தத் தொடர் மூன்றே அத்தியாயங்கள் கொண்டது. கட்டை மேம்படுத்தும் வாய்ப்பு இப்போது ஒன்று, அடுத்த அத்தியாயத்துக்குப் பிறகு ஒன்று, அவ்வளவுதான். எட்டு அத்தியாயங்கள் உள்ள ‘த டன்விச் லெகசி’ போன்ற தொடரில் ஷாட்கனுக்காகப் பொறுத்திருப்பது பொருளுள்ளது. இங்கே புள்ளிகளை உடனே வேலைக்கு அனுப்புவதே நல்லது.

மணிமாறன்:

இருவரின் கட்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். 12 புள்ளிகள் கொண்ட ஒரே வரவுசெலவாகப் பாருங்கள். கூட்டுறவு ஆட்டத்தில் உங்கள் கட்டின் குறையைத் தங்கையின் கட்டு தீர்க்கலாம். இந்த இணைக்கு அது அழகாகவே பொருந்துகிறது.

டெய்சிக்கு க்ரிப்டிக் ரிசர்ச் நல்ல சீட்டுதான். செலவே இல்லாமல் மூன்று சீட்டுகளை எடுக்கவைக்கும். ஆனால் அதே 4 புள்ளிகளுக்கு என்சைக்ளோபீடியா இரண்டு பிரதிகள் வாங்கலாம். ஒரு செயலைச் செலவிட்டு அதைப் பயன்படுத்தினால், அதே இடத்தில் இருக்கும் ஓர் ஆட்டக்காரரின் ஏதேனும் ஒரு திறன் அந்தக் கட்டம் முடியும்வரை 2 கூடும். டெய்சிக்கோ நூல்களுக்கென்றே ஒவ்வொரு முறையும் ஒரு கூடுதல் செயல் உண்டு. ஆகவே அவளுடைய மூன்று செயல்களில் ஒன்றும் குறையாது. யார் முதலில் ஆடுவது என்பதை ஒவ்வொரு சுற்றிலும் நீங்களே தீர்மானிக்கலாம். டெய்சி முதலில் ஆடி உங்கள் போர்த்திறனை உயர்த்திவிட்டால், பின்னால் வரும் உங்கள் மூன்று அடிகளுக்கும் அந்த 2 கிடைக்கிறது. மச்செட்டியோடு சேர்த்தால் 7. ஷாட்கன் இல்லாமலேயே அந்த எண்ணுக்கு வந்துவிடுகிறீர்கள்.

உங்கள் பக்கத்தில் பீட் காப் இரண்டையும் உயர்த்த 4, போலீஸ் பேட்ஜ் ஒன்றுக்கு 2. பேட்ஜ் உங்கள் மன உறுதி என்ற திறனை (மனவலிமையை அல்ல) 1 கூட்டுகிறது. நெருக்கடியான சுற்றில் அதைக் கழித்தால், அதே இடத்தில் இருப்பவருக்கு அவருடைய முறையில் இரண்டு கூடுதல் செயல்கள் கிடைக்கும். துப்புகள் குவிந்த இடத்தில் டெய்சி ஐந்து செயல்களோடு நிற்பதை ஒருமுறை பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்பது புரியும்.

இளவேனில்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மணிமாறன் சொன்ன வழியே எங்கள் இருவருக்கும் பிடித்திருக்கிறது. ஒரே ஐயம்: பேட்ஜுக்கு இடம் கொடுக்க எதை எடுப்பது? கவர் அப்பை எடுக்க விதி இடம்தருமா?

செங்கதிர்:

கவர் அப் பலவீனச் சீட்டு என்பதால் அதை எடுக்க முடியாது. அது வந்துவிட்டால், நீங்கள் கண்டுபிடிக்கும் துப்புகளுக்குப் பதிலாக அதன் மேலுள்ள மூன்று துப்புகளைக் கழித்து முடிக்கப் பாருங்கள். ஆட்டம் முடியும்போது ஒன்று மிஞ்சினாலும் நிரந்தர மனக்காயம் ஒன்று வந்து சேரும், 5 மனவலிமை உள்ளவருக்கு அது பெரிய இழப்பு. பேட்ஜுக்காக டைனமைட் ப்ளாஸ்ட்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். 5 வளங்கள் கேட்கும் சீட்டு உங்கள் கட்டில் ஒன்றுக்கு மேல் தேவைப்படாது. பீட் காப்பைப் பொறுத்தவரை, அதே பெயருள்ள சீட்டை உயர்த்துவதால் நிலைகளின் வித்தியாசமான 2 புள்ளிகளை மட்டுமே ஒவ்வொன்றுக்கும் கழித்துக்கொள்ள வேண்டும். பழைய சீட்டு வெளியே போகும், .38 ஸ்பெஷலும் பலவீனச் சீட்டுகளும் நீங்கலாகக் கட்டு 30-லேயே நிற்கும்.