புதுப்பிப்பு: ஹேம்ஸ்டர் குளியல் பிரச்சினை தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேனே, ஐந்து வயது மகள் எங்கள் ஹேம்ஸ்டரை (எலி மாதிரி சின்ன வளர்ப்புப் பிராணி) தினமும் தலைக்குக் குளிப்பாட்டணும்னு அடம்பிடிக்கிறாள், என்ன செய்யன்னு. தண்ணீர் ஆகாது, மணல் போதும், அதில் புரண்டே சுத்தமாகிடும்னு சொன்ன அக்காவுக்கு ரொம்ப நன்றி. கிண்ணத்தில் மணல் வைத்தோம் (பவுடர் கூடாது, மூச்சுக்கு ஆகாது). ஹேம்ஸ்டர் அதில் புரண்டதும், "அம்மா, ஈஸ்ட் கோஸ்ட் பீச்சுக்குப் போயிருக்கு!" என்று மகள் ஒரே குதியாட்டம்.

பகலெல்லாம் தூங்குவதால் அதற்கு நைட் ஷிஃப்டாம். தாத்தாவின் டிவி சத்தத்தைக்கூடக் குறைத்துவிடுகிறாள்.

துணைக்கு இன்னொன்று வேணும்னு கேட்டாள். இது சிரியன் வகை ஹேம்ஸ்டர், தனியாகத்தான் இருக்கும், சேர்த்து விட்டால் கடித்துக்கொள்ளும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தன் படத்தை வரைந்து கூண்டுக்கு வெளியே ஒட்டிவிட்டாள். கண் மட்டும் அவ்வளவு பெரிசு. ராத்திரி முழிச்சிருக்கணுமாம்.