காந்தி ரோடு லாட்ஜும் குன்மிங் விமானமும்

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்க்கிறேன். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு வந்தவர்களுக்குத் தெரியும், எங்கே பார்த்தாலும் வங்காள எழுத்து போர்டுதான். கொல்கத்தாக்காரர்களுக்கு ஆதார் போதும். பங்களாதேஷ் பாஸ்போர்ட் என்றால், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் சி ஃபார்மை உடனே போட வேண்டும். 2024 ஆகஸ்டில் அங்கே பிரதமர் ஹசீனாவின் ஆட்சி கவிழ்ந்த பிறகு இந்தியா வர மருத்துவ விசாவே எண்ணி எண்ணித்தான் கொடுத்தார்கள். எனக்கு சி ஃபார்ம் வேலை அப்படியே படுத்துவிட்டது.

போன வருடம் பங்களாதேஷின் ராஜ்ஷாஹி பக்கத்துப் பெரியவர் ஒருவர் மனைவியின் கிட்னி ரிவ்யூவுக்கு வந்தார். பழைய வாடிக்கையாளர். செல்போனில் ஒரு செய்தி காட்டினார்: 2025 மார்ச்சில் டாக்காவிலிருந்து நோயாளிகளின் முதல் குழு சீனாவின் குன்மிங்குக்குப் புறப்பட்ட செய்தி. அங்கே இவர்களுக்கென்றே சில மருத்துவமனைகளை ஒதுக்கியிருக்கிறார்களாம். விமானத்தில் சில மணி நேரம்தான். இங்கே வர ஹவுராவிலிருந்து காட்பாடிக்கே ஒரு நாளுக்கு மேல் ரயில்.

"அப்புறம் ஏன் சாச்சா இங்கே வந்தீங்க?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் கேட்டேன். அவர் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்ததும் இங்கேதானாம்.

சீனா செலவு செய்து, போட்டோ பிடித்து வாங்கப் பார்க்கிற நம்பிக்கை இது. நமக்கு 1900இல் சிஎம்சியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தது. டெல்லி இதற்காகப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம், விசா கதவைத் திறந்து வைத்தால் சரி. பெரியவருக்கு அடுத்த ரிவ்யூ தேதி கொடுத்திருக்கிறார்கள். விசா கிடைக்காவிட்டால் என்று மகன் குன்மிங்கிலும் விசாரித்து வைத்திருக்கிறானாம்.

— லாட்ஜ்காரன்

அண்ணா, நீங்க சொல்கிற கதவு விஷயம் எனக்கும் நடந்தது. விஐடியில் என்னோடு படித்த பூடான் நண்பன் கொரோனாவில் திம்புவுக்குப் போய்விட்டான். 2021 ஜனவரி 20 அன்று இந்தியா அன்பளிப்பாக 1.5 லட்சம் டோஸ் கோவிஷீல்டு அனுப்பியதும் வாட்ஸ்அப்பில் ஒரே நன்றி மழை. மார்ச்சில் இன்னொரு 4 லட்சம். ஏப்ரலில் இங்கே இரண்டாம் அலை, ஏற்றுமதி நின்றது. நம் ஊரிலேயே ஆக்சிஜனுக்கு அலைந்த நேரம், குறை சொல்ல முடியாது. ஜூலையில் அமெரிக்கா 5 லட்சம் மாடர்னா அனுப்பியது. "முதல் ஊசி உங்களுடையது, இரண்டாவது அமெரிக்காவுடையது, கைதான் என்னுடையது" என்று அனுப்பினான் பாவி.

— காட்பாடி தம்பி