சத்திரம் எப்போது எரிந்தது?

பாலைப்பழம்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார் (பெயர் சொல்லமாட்டேன், ஓநாய் என்றால் எல்லோருக்கும் தெரியும்): "பால்டர்ஸ் கேட் 3 கேமில் உலகம் நமக்காகக் காத்திராது. வோக்கீன்ஸ் ரெஸ்ட் சத்திரம் எரிகிற நேரம் படுத்துத் தூங்கினால், எழும்பி வரச் சாம்பல்தான்." வாசித்ததிலிருந்து எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. எரிகிறதுதான், யார் இல்லையென்றது? ஆனால் எப்போது எரியத் தொடங்குகிறது? நாம் கிட்டப் போனபிறகு! நான் அந்தப் பக்கம் போகாமலே முகாமில் பத்து இரவு படுத்தேன். பதினோராம் நாள் போனால், வீரர்கள் அப்போதுதான் கதவை இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இதுவா காத்திராத உலகம்? 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்து வான்கதவைத் திறந்தபோது நான் வவுனியாவில் நின்றேன். நான் வந்து பார்க்கட்டும் என்று வெள்ளம் நின்றதா? வீட்டுக்கு வர, மூட்டைக்குள்ளேயே நெல் முளைத்திருந்தது.

ஒட்டுசுட்டான்_ஓநாய்:
பெயர் சொல்லவில்லையாம், நன்றி. தம்பி, தூங்கினால் எரியும் என்றேன். எரிந்ததா இல்லையா? நான் புகையைக் கண்டேன், மந்திரமெல்லாம் தீர்ந்திருந்தது, விடியப் பார்ப்போம் என்று படுத்தேன். விடிய வந்தால் கட்டடமே கருகிக் கிடக்கிறது. உள்ளே அகப்பட்ட ஆலோசகர் ஃப்ளோரிக்கைக் காப்பாற்றியிருந்தால் இரண்டாம் அங்கத்தில் லாஸ்ட் லைட் விடுதியில் வந்து நிற்பார். எனக்கு வரவில்லை. இது விளைவில்லையா?

பாலைப்பழம்:
"புகையைக் கண்டேன்." அதைத்தான் நானும் சொல்கிறேன். கண்டதால் எரிந்தது. காணாவிட்டால் எரியாது.

மாங்குளம்_சந்தி:
முதலில் காத்திராத உலகம் என்றால் என்ன என்று இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாருங்கோ. நேரம் தானாக ஓடுவது ஒன்று, நாம் எடுத்த முடிவு திரும்பி வந்து கடிப்பது வேறொன்று.

பாலைப்பழம்:
அக்கா, அது பிறகு. சத்திரம் எப்போது எரிந்தது? அதைச் சொல்லச் சொல்லுங்கோ.

ஒட்டுசுட்டான்_ஓநாய்:
சத்திரத்தை விடும். அதே கேமில் கிரிம்ஃபோர்ஜ் என்ற இடத்தில் நியர் என்றொருவன் கற்குவியலுக்குப் பின்னால் நச்சுப்புகைக்குள் அகப்பட்டுக் கிடக்கிறானே. இரண்டு முறை முகாமில் படுத்து நீள ஓய்வு எடுத்தால் ஆள் முடிந்தான். இதற்கு என்ன சொல்கிறீர்?

பாலைப்பழம்:
அங்கேயும் நாம் போய்ச் சேர்ந்தபிறகுதானே கணக்குத் தொடங்குகிறது? போகாவிட்டால் அவன் தைப்பொங்கல் வரைக்கும் மூச்சு விடுவான். உண்மையான கணக்கு வேண்டுமென்றால் 1997 இல் வந்த ஃபால்அவுட் கேமைப் பாரும். 150 நாளுக்குள் தண்ணீர் இயந்திரத்துக்கான சிப்பைக் கொண்டுவராவிட்டால் நிலவறைச் சனம் முடிந்தது, கேமும் முடிந்தது. நீர் எங்கே நின்றாலும் நாள் ஓடும். அது உலகம். இது வாசலில் மணி கட்டின உலகம், ஆள் வந்தால்தான் அடிக்கும்.

ஒட்டுசுட்டான்_ஓநாய்:
அதே ஃபால்அவுட்டில் தண்ணீர் வியாபாரிக்குக் காசு கொடுத்தால் இன்னும் 100 நாள் கிடைக்கும். அதைச் சொல்லாமல் விட்டீரே. பவுசர் பிடித்தால் தள்ளிப்போகிற பஞ்சம்.

பாலைப்பழம்:
பவுசர் வந்தாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உமது சத்திரம் ஓடவில்லையே.

மாங்குளம்_சந்தி:
மணி, நாள் என்று ஏன் நிற்கிறீர்கள்? 2015 இல் வந்த விச்சர் 3 ஐ எடுங்கோ. மரத்துக்கடியில் ஒரு ஆவி அடைபட்டுக் கிடக்கும். விட்டால், சதுப்பு நிலத்து அநாதைப் பிள்ளைகள் தப்பும், ஆனால் ஒரு ஊரே அழியும், அந்தப் பகுதியை ஆளுகிற பாரனின் மனைவி சாவாள், பாரன் தூக்கில் தொங்குவான். கொன்றால், பிள்ளைகள் போய்விடும், பாரன் புத்தி பேதலித்த மனைவியைக் கூட்டிக்கொண்டு வைத்தியம் தேடிப் போவான். முடிவெடுத்து வெகுநேரம் கழித்துத்தான் இதெல்லாம் தெரியவரும். பழைய சேவ் இருந்தாலும் அவ்வளவையும் திரும்ப ஆட யாருக்குப் பொறுமை? நான் பிள்ளைகளைத்தான் காப்பாற்றினேன். பாரன் தொங்கினதைக் கண்டபிறகு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கடிகாரம் இல்லாமலே உலகம் மாறினது.

பாலைப்பழம்:
நல்ல கதை அக்கா. ஆனால் ஆவியும் நீங்கள் போகும் வரைக்கும் மரத்தடியில் காத்துத்தானே கிடந்தது?

மாங்குளம்_சந்தி:
கடவுளே.

கொக்காவில்_காற்று:
நடுவில் ஒரு கேள்வி. 150 ஜிபி கேட்கிற கேமை இங்கே இரண்டு பேரும் எப்படி இறக்கினீர்கள்? நான் இரவு டேட்டா போட்டுப் பதினொரு நாள் கண் முழித்தேன். ஒன்பதாம் நாள் கரண்ட் போனது.

ஒட்டுசுட்டான்_ஓநாய்:
பாலைப்பழம் இறக்கவில்லை. என்னிடம் ஹார்ட் டிஸ்க்கில் வாங்கினவர். போன வருடம் பங்குனியில். இன்னும் வரவில்லை.

பாலைப்பழம்:
அதன் வயர் பழுது என்று அப்போதே சொன்னேன். பிடித்துக்கொண்டு இருந்தால்தான் வேலை செய்யும். என் தங்கச்சி 40 நிமிடம் கையால் பிடித்துக்கொண்டு நின்றவள். அதை இங்கே இழுப்பது சத்திரத்துக்கு விடை இல்லாதபடியால்.

ஒட்டுசுட்டான்_ஓநாய்:
வயர் என் வீட்டை விட்டுப் போகும்போது நல்லாய்த்தான் இருந்தது.

கொக்காவில்_காற்று:
கிட்டப் போனபிறகு பழுதாகியிருக்கும்.

பாலைப்பழம்:
பகிடி விடாதேயும். ஓநாய் அண்ணை, நாளைக்கு முறிகண்டிப் பிள்ளையாரடிக்கு வாரும். ஹார்ட் டிஸ்க்கைத் தருகிறேன், கச்சானும் நானே வாங்குகிறேன். சத்திரம் எப்போது எரிந்தது என்று எழுதிக்கொண்டு வாரும்.

ஒட்டுசுட்டான்_ஓநாய்:
நாளைக்கு எனக்கு வயலில் மருந்தடி. படுத்து எழும்பினபிறகு எரிந்தது என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன், மேலே பாரும்.

பாலைப்பழம்:
மேலே "புகையைக் கண்டேன்" என்றுதான் இருக்கிறது.