ஈரலில் கட்டி, உங்கள் வீட்டில் எப்படித் தெரிந்தது?

மதுரையிலிருந்து:

எங்கள் பெரியப்பா குடிக்கவே மாட்டார், ஆனால் சர்க்கரை ரொம்ப வருஷமாக உண்டு, தொப்பையும் உண்டு. வலி எதுவும் இல்லை. சாப்பாடு குறைந்து வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தபோதும் "வயசானா இப்படித்தான்டா" என்று அவரே சொல்லிக்கொண்டார். பித்தப்பைக் கல்லா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில்தான் ஈரல் மேடு பள்ளமாக இருப்பதும், வலப்பக்கம் 3 செ.மீ. கட்டி இருப்பதும் தெரிந்தது. ஃபேட்டி லிவரே (ஈரலில் கொழுப்பு சேர்வது) முற்றி சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப்போவது) ஆகியிருக்கிறது, குடிக்காதவருக்கும் வரும்.

ரத்தத்தில் ஏ.எஃப்.பி. பார்த்தார்கள், ஈரல் புற்றில் ஏறக்கூடிய ஒரு புரதம் அது, நார்மல். வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. குடல் ஈரல் டாக்டர் மட்டும் அசரவில்லை, சின்னக் கட்டிகளில் நிறைய பேருக்கு அது ஏறவே ஏறாது என்று சொல்லி ட்ரிப்பிள் ஃபேஸ் சிடி எழுதிக்கொடுத்தார், கான்ட்ராஸ்ட் என்ற மருந்தை ரத்தத்தில் ஏற்றி மூன்று வெவ்வேறு நேரத்தில் படம் எடுப்பது. அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் கான்ட்ராஸ்டே போடாமல் எடுத்த சிடியை ஓரமாக வைத்துவிட்டார்.

அப்புறம் கம்ப்யூட்டரில் படத்தையே காட்டினார். நல்ல ஈரலுக்கு முக்கால்வாசி ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, ஈரலிலேயே உருவாகும் இந்த வகைப் புற்றுக்கட்டி மட்டும் பெரும்பாலும் தமனியிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் மருந்து ஏறிய முதல் அரை நிமிஷத்தில் எடுத்த படத்தில் கட்டி மட்டும் வெள்ளையாக மின்னியது, சற்றுப் பொறுத்து எடுத்ததில் ஈரல் முழுக்க வெளுத்து, கட்டி கறுத்துக் கிடந்தது. சிரோசிஸ் உள்ளவருக்கு இந்த இரண்டும் தெளிவாகச் சேர்ந்திருந்தால் பயாப்சி (சதை எடுத்துச் சோதிப்பது) இல்லாமலே புற்றுநோய் என்று முடிவு செய்வார்களாம். ரிப்போர்ட்டின் கடைசியில் லை-ராட்ஸ் 5 என்று இருந்தது, படத்தை வைத்து ஈரல் புற்று உறுதி என்று சொல்கிற குறியீடு. "ஊசி போட்டுச் சதை எடுக்காமல் எப்படிச் சொல்கிறார்கள்" என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கே வந்தார்கள். ஊசியில் ரத்தம் கசியலாம், போன பாதையில் கட்டி பரவவும் கொஞ்சம் வாய்ப்புண்டு, தேவையில்லாமல் எதற்கு?

தஞ்சாவூரிலிருந்து:

அண்ணா, எனக்கு ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ்) இருப்பது ரத்ததானம் செய்தபோதுதான் தெரிந்தது. அம்மாவுக்கும் பாசிட்டிவ், பிரசவத்தில் வந்திருக்கும் என்றார்கள். இந்த வைரஸ் இருந்தால் சிரோசிஸ் ஆகாமலே நேராகப் புற்று வரலாம் என்பதால் எனக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் ஏ.எஃப்.பி.யும். போன தடவை ஏதோ புள்ளி தெரிந்து தூக்கமே போனது. சிடியில் மருந்து ஓரத்திலிருந்து திட்டுத் திட்டாக உள்ளே நிரம்பியதாம், வெறும் ரத்தக்குழாய்க் கட்டி, ஹீமான்ஜியோமா. புள்ளி என்றாலே புற்று இல்லை, சரியா? எங்கள் வீட்டில் இப்போது குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டுவிடுகிறோம், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான்.

சென்னையிலிருந்து, ஸ்கேன் எடுக்கிற வேலை:

மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லி அரைத்துக் குடித்து மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, வயிறு வீங்கிய பிறகு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். இந்தப் புற்றில் பெரும்பாலும் அதெல்லாம் கடைசியில் வருகிற அறிகுறி. சிரோசிஸ் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் 6 மாத ஸ்கேனை விடவே கூடாது.

சிடிக்கு வரும்போது டாக்டர் சீட்டில் 'ட்ரிப்பிள் ஃபேஸ் லிவர்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், வெறும் 'வயிறு சிடி' என்றிருந்தால் கேட்டுத் திருத்தி வாங்குங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் வேண்டும். முன்னால் கான்ட்ராஸ்ட் போட்டு அரிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் குப்பென்று சுடும், சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும், போயிருக்காது, அசையாமல் மூச்சைப் பிடியுங்கள். அசைந்தால் அந்த ஃபேஸ் போச்சு, தமனிப் படத்தைத் திரும்ப எடுக்க இன்னொரு டோஸ் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ரேடியாலஜி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.